ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்புகள்: விமர்சனங்களை எப்படி வாசிப்பது?

தஞ்சைவாசி (கேள்வி):

கடந்த இரண்டு ஆண்டுகளாக, புதிய தமிழ்ப் படங்களுக்கு நாளிதழ்களிலும் இணையத்திலும் வரும் விமர்சனங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்கத் தெளிவு பிறப்பதற்குப் பதிலாகக் குழப்பமே கூடுகிறது.

2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வெளியாயின. பெரும்பாலான விமர்சகர்கள் இரண்டையுமே உயர்த்திப் பிடித்தார்கள். ஆனால் ‘வாழை’யைப் பார்த்துக் கண் கலங்கிய என் உறவினர்களே, ‘கொட்டுக்காளி’யின் கடைசிக் காட்சி முடிந்து திரை இருண்டபோது படம் பாதியில் அறுந்துவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ படத்தை விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். அரங்கிலோ நீளம் பற்றிய முணுமுணுப்பு எழுந்து, சில நாள்களிலேயே படத்தை வெட்டிக் குறைத்தார்கள். தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ இதற்கு நேர்மாறு. காஷ்மீர் மக்களை ஒரே கோணத்தில் காட்டியிருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். குடும்பத்தோடு சென்றவர்களோ சாய் பல்லவியின் நடிப்பைப் பேசிப் பேசி மாளவில்லை.

விமர்சகர்கள் விலைபோனவர்கள் என்ற வழக்கமான பேச்சை இங்கே கிளப்புவது என் நோக்கமன்று. ஐந்துக்கு மூன்றரை என்று ஒருவர் மதிப்பெண் போட்டால், அதை எதற்கு எதிராக வைத்துப் புரிந்துகொள்வது? விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பின்வரிசை:

தஞ்சைவாசி அவர்களுக்கு வணக்கம். மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். தான் பார்த்த படத்திடம் அந்த விமர்சகர் என்ன எதிர்பார்த்தார் என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. அது தெரியாமல் ஒரு படத்தின் மூன்றரையையும் இன்னொரு படத்தின் மூன்றரையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

‘கொட்டுக்காளி’யையே எடுத்துக்கொள்வோம். வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவளைச் சாமியாடி ஒருவரிடம் கூட்டிப்போகும் ஒரு நாள் பயணம்தான் கதை. படத்தில் பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் ஏற்ற மீனா ஏறக்குறைய முழுப் படத்திலும் வாய் திறப்பதில்லை. சூரி ஏற்ற பாண்டியோ தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் வழி நெடுக எரிந்து விழுகிறான். பேசாதவளின் மௌனத்துக்கு முன்னால், பேச முடியாதவனின் கத்தல் எவ்வளவு சிறுத்துப்போகிறது என்பதை அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றே காட்டிவிடுகிறது. இப்படி ஒரு காட்சியை எடுத்துச் சொல்லி, ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் படபடப்பும்தான் இசையின் இடத்தை நிரப்புகின்றன என்றும், பாண்டி கடைசியில் என்ன செய்தான் என்பதைப் படம் சொல்லாது என்றும் ஒருவர் எழுதியிருந்தால், அவர் படத்தைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் உங்கள் உறவினர்கள் சீட்டு வாங்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்திருப்பார்கள். ‘மெதுவாக நகரும் உன்னதப் படைப்பு’ என்று மட்டும் எழுதியவர் அந்த வசதியைத் தரவில்லை. 2024 பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் இந்தப் படம் திரையிடப்பட்டது என்ற செய்தியை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டு, அதையே பாராட்டுக்குரிய காரணமாகவும் நிறுத்திக்கொண்ட விமர்சனங்களை நானும் வாசித்தேன். விழாவுக்குப் போனது ஒரு தகவல், அது மதிப்பீடாகாது.

இதற்கு மாறாக, தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படமான ‘லப்பர் பந்து’வுக்கு வந்த விமர்சனங்களில் பல நன்றாக அமைந்தன. அட்டகத்தி தினேஷின் கெத்து மட்டையைத் தூக்கிக்கொண்டு களமிறங்கும்போது ஒலிக்கும் பழைய விஜயகாந்த் பாட்டு, எந்த அணிக்குள் யாரைச் சேர்ப்பார்கள், யாரை வெளியே நிறுத்துவார்கள் என்ற சாதிக் கணக்கு, மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் இடையிலான வீம்பு என்று படத்தின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டி எழுதினார்கள். எளிய படம் என்பதால் எளிதாக எழுதிவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நெல்லைச்சீமை:

பின்வரிசை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான் என்றாலும், முதல் நாள் விமர்சகருக்கு இருக்கும் கட்டுப்பாட்டை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது எழுதாத சட்டம். (இனி வரும் வரிகளில் ‘மகாராஜா’வின் முடிவு பற்றிய பேச்சு உண்டு, பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லவும்.) 2024 ஜூனில் வெளியான நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’, ‘லட்சுமி’ என்று பெயரிட்ட குப்பைத் தொட்டியைக் காணவில்லை என்று முடிதிருத்துபவர் ஒருவர் காவல் நிலையத்துக்கு வருவதில் தொடங்கி, முன்னும் பின்னுமாகக் காலத்தைக் கலைத்து அடுக்கிக்கொண்டு போகிறது. அந்த அடுக்குமுறையை எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் முடிச்சு எங்கே அவிழ்கிறது? ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில். பார்வையாளரை அதிரவைக்கும் திருப்பமாக அந்தக் கொடுமையைக் கடைசிவரை ஒளித்துவைப்பது சரியா என்பதுதான் அந்தப் படத்தைப் பற்றி எழுப்ப வேண்டிய முதன்மையான கேள்வி. முதல் நாள் எழுதியவர்களால் அதை எழுப்பவே முடியாது. எழுப்பினால் படத்தைக் கெடுத்துவிட்டதாகத் திட்டு விழும். பெண்கள் உள்ளிட்ட சிலர் அதை வாரங்கள் கழித்து நீண்ட கட்டுரைகளாக எழுதியபோது, மதிப்பெண்ணெல்லாம் போட்டு முடித்துப் படமும் வெற்றிபெற்றிருந்தது.

‘வாழை’க்கும் இதே கதிதான். வாழைத்தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறான் கலையரசன் ஏற்ற கனி. அந்த ஒற்றை ரூபாயிலிருந்து கடைசி லாரிப் பயணம் வரைக்கும் ஒரு நேர்கோடு ஓடுகிறது. காய் சுமக்கும் கூலிக்கும் உயிருக்கும் இடையிலான அந்தக் கணக்கைப் பேச வேண்டுமானால் விபத்தைப் பேசியாக வேண்டும். வெளியான அன்றைக்கு வந்த விமர்சனங்கள் அதைத் தவிர்த்துவிட்டு, பூங்கொடி டீச்சர் மீது சிறுவனுக்கு இருக்கும் ஈர்ப்பு நீண்டுவிட்டதா, ரஜினி கமல் சண்டை சிரிப்பு மூட்டுகிறதா என்று முதல் பாதியையே சுற்றிச் சுற்றி வந்தன. முடிவில் ஒப்பாரி கனமாக விழுகிறது, நம்மை அழவைத்தே தீருவது என்று இயக்குநர் நிற்கிறார் என்று எழுதியவர்களும் உண்டு. அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள்தான் படத்தின் மையத்துக்குப் பக்கத்திலாவது வந்தார்கள்.

ஆகவே என் யோசனை இது: போகலாமா வேண்டாமா என்று அறிய முதல் நாள் விமர்சனத்தை வாசியுங்கள், படம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று உங்களுக்குள் ஒரு முடிவு வந்த பிறகு, மற்றவற்றைத் தேடி வாசியுங்கள். இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டாம்ஆட்டம்:

நல்ல விவாதம். படம் எடுப்பவர்கள் விமர்சனங்களை எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியானபோது, படம் காதைக் கிழிக்கிறது என்ற குற்றச்சாட்டு ஏறக்குறைய எல்லா விமர்சனங்களிலும் இருந்தது. ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியே அந்த இரைச்சலைப் பற்றி வெளிப்படையாக வருந்தினார். தயாரிப்பாளர் அதை மறுக்கவில்லை. ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாக அவரே அறிவித்தார். படத்தின் நீளமும் பன்னிரண்டு நிமிடம் குறைக்கப்பட்டது. ஜோதிகா தன் பதிவில் விமர்சகர்களைக் கடுமையாகச் சாடியபோதும், முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, ஒலி உறுத்துகிறது என்ற இரண்டையும் ஒப்புக்கொண்டார். அதாவது, திட்டியவர்கள் சொன்ன குறை உண்மையானது என்று படத்தின் பக்கம் நின்றவர்களே ஏற்றார்கள்.

ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை. திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்கள் இத்தகைய பேச்சால் பாதிக்கப்பட்டதாக அதில் கூறப்பட்டது. படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்று வழக்கும் தொடுத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கேரளத்திலும் இதே பேச்சு முன்பே நடந்தது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார்.

மூன்று நாள் மௌனம் கேட்பவர்களின் கணக்கு புரியாததன்று. பெரிய படத்தின் வசூலில் பெரும்பங்கு முதல் வார இறுதியிலேயே வந்துவிடுகிறது. அந்த மூன்று நாள் கைகூடினால் பிறகு யார் என்ன எழுதினால் என்ன என்பதுதான் எண்ணம். ஆனால் சிறிய படத்துக்கு அதே மூன்று நாள்தான் உயிர். 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் வந்தது. சசிகுமாரும் சிம்ரனும் இருந்தும், இலங்கையிலிருந்து ஓடி வந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதையை அறிமுக இயக்குநர் ஒருவர் எடுத்திருந்ததால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. விமர்சகர்கள் உடனுக்குடன் நல்ல வார்த்தை சொன்னார்கள், பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள், காட்சிகள் கூடின. தடை அன்று நடப்பில் இருந்திருந்தால் அந்தப் படத்தின் முதல் வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரங்க வாசலில் ஒலிவாங்கியை நீட்டிக் கத்தவைக்கும் கூட்டத்தின் மீது எனக்கும் எரிச்சல் உண்டு. அதற்காக எழுதுகிறவர்களையும் சேர்த்துக் கட்டிப்போடுவது சரியாகாது.

தஞ்சைவாசி:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. ‘கங்குவா’வைக் குறைத்தது சரி என்றால் ‘மெய்யழகன்’ படத்தைக் குறைத்ததும் சரிதானே? இரண்டிலும் பார்த்தவர்கள் சொன்னதைத்தானே தயாரிப்பாளர்கள் கேட்டார்கள்?

பின்வரிசை:

சரியென்று நான் சொல்லமாட்டேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய ‘மெய்யழகன்’ படத்திலிருந்து 18 நிமிடங்களுக்கு மேல் எடுத்தார்கள். அந்தப் படம் எதனால் ஆனது என்று பாருங்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன, அரவிந்த் சுவாமி ஏற்ற அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரனின் பெயர் அவருக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தோடு ஓர் இரவு முழுக்க அவனோடு பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவர் விட்டுப்போன பழைய சைக்கிள் அவன் குடும்பத்தின் வாழ்க்கையையே எப்படி மாற்றியது என்று அவன் சொல்லக் கேட்கும்போது அரவிந்த் சுவாமியின் முகத்தில் குற்ற உணர்வு மெல்ல ஏறுகிறதே, அது உடனே நிகழக்கூடியதன்று. முந்தைய ஒரு மணி நேரப் பேச்சின் பளுவில்தான் அது ஏறுகிறது. பேச்சைக் குறைத்தால் பளுவும் குறையும். இரைச்சலைக் குறைத்தால் ‘கங்குவா’வுக்கு இழப்பில்லை. நீளம் என்ற ஒரே சொல்லால் இரண்டு படங்களையும் அளந்ததுதான் சிக்கல். இதை அப்போதே சுட்டிக்காட்டிய விமர்சகர்கள் ஒருசிலர் இருந்தார்கள்.

நெல்லைச்சீமை:

இதில் பின்வரிசை அவர்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. இயக்குநர் பிரேம்குமாரின் வசனங்களில் வரலாற்றுப் பெருமை பேசும் இடங்கள் சில அந்த இரவுக்கு ஒட்டாமல் நின்றன. அவற்றை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சைக்கிள் காட்சியைத் தொட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.