பெந்தோட்டையில் ஒரு வீடு, எங்கள் குளக்கட்டில் ஒரு குவாட்டர்ஸ்: எதை வைத்திருப்பது?

பரந்தன் சந்தி:
போன மாதம் பெந்தோட்டை லுணுகங்கவுக்குப் போய் வந்தேன். இரவு பஸ்ஸில் கொழும்பு, பிறகு கரையோர ரயிலில் அளுத்கம, அங்கிருந்து ஓட்டோ. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கி ஏறத்தாழ ஐம்பது வருடம் வெட்டியும் நட்டும் வைத்த தோட்டம் அது. தோட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அங்கே நிற்கும் இன்னொரு வீட்டைப் பற்றி.

பத்திக் துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகப் பாவா 1960க்கும் 62க்கும் இடையில் கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிக்கொடுத்த வீடு. அரை நூற்றாண்டு கழித்துக் காணி கைமாறியது. வீடு இடிபடும் என்று ஆனபோது இடிக்க விடாமல் கழற்றியிருக்கிறார்கள். கல், தூண், கதவு, நிலை எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைக்குக் கொண்டுபோய், அதே ஒழுங்கில் திரும்பப் பூட்டினார்கள். 2016இல் வேலை முடிந்தது. ஈனா அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார்.

வெளியில் நின்றால் மதில்தான் தெரியும். உள்ளே போனால் முற்றம், சுற்றிவர அகலமான விறாந்தை, மேலே ஓட்டுக் கூரை. பதினொரு மணி வெயிலில் முற்றம் கண்ணைக் கூசியது. விறாந்தையில் நின்ற எனக்கு வியர்க்கவில்லை. எங்கள் நாற்சார் வீட்டை யாரோ திரும்பவும் ஆற அமர யோசித்தது போல இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குளக்கட்டுக்குக் கிட்ட, முந்தி உத்தியோகத்தர் இருந்த ஒரு பழைய குவாட்டர்ஸ் நிற்கிறதே, படியில் 1957 என்று சீமெந்தில் கீறியிருக்கும். ஒரு பக்கக் கூரை இல்லை. சிவப்புக் காவி போட்ட நிலமும், ஓட்டை விட்ட சீமெந்துக் கல் அடுக்கிய சுவரும் அப்படியே இருக்கின்றன. அதை இடித்துவிட்டு ஒரு மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். அதை நாங்கள் காப்பாற்ற வேண்டாமா?

சாந்தகப்பை:
தம்பி, நான் முப்பது வருடமாக மேசன். கட்டடத்தை மதிக்காதவன் இல்லை. ஆனால் நீர் சொல்கிற பெந்தோட்டை வீட்டிலேயே ஒரு பிழை இருக்கிறது. அது நெருக்கமான கொழும்புத் தெருவில், சின்னக் காணியில் கட்டின வீடு. தெருவுக்கு முதுகைக் காட்டி உள்ளே பார்க்க வேண்டியிருந்ததால்தான் அந்த மதிலும் முற்றமும். இப்போது சுற்றிவர மரமும் புல்லும், கிட்ட வாவி. அந்த மதில் யாரை மறைக்கிறது? கல்லைக் கொண்டுபோனார்கள், சரி. கல் அங்கே வைக்கப்பட்ட காரணத்தை எந்த லொறியில் ஏற்றினார்கள்?

அந்த வீட்டில் இரவு தங்கக் காசு வாங்கி அறை கொடுக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பிறகு அது பாதுகாத்த வீடா, ஹொட்டேலா?

ஏ9 பயணி:
சாந்தகப்பை அண்ணை சொல்வது சரி. இன்னொன்றும் சேர்க்கிறேன். வன்னியில் வீடு பார்க்கச் சுற்றுலா என்றால் எனக்கு வயிறு கலங்கும். சண்டை முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து எதைப் பார்த்தார்கள்? கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை. புதுக்குடியிருப்புப் பக்கம் நிலத்துக்குக் கீழே இருந்த, புலிகளின் தலைவருடைய பங்கர் வீட்டை. அந்தப் பங்கர் வீட்டையும் 2013 ஒக்ரோபரில் இராணுவமே வெடி வைத்துத் தகர்த்தது. காட்டினவர்களும் அவர்கள், உடைத்தவர்களும் அவர்கள். எது நிற்கலாம், யார் பார்க்கலாம் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. முதலில் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், குவாட்டர்ஸைப் பிறகு பார்க்கலாம்.

பரந்தன் சந்தி:
அண்ணை, அதனால்தானே சொல்கிறேன். இந்தத் தடவையாவது நாங்களே தெரிவு செய்வோம். அறை வாடகைக்கு விடுவதில் என்ன பிழை? ஆள் புழங்காத வீடு கறையானுக்குத்தான். கண்டியில் மினெட் டி சில்வாவின் சொந்த வீடு பாழடைந்து போனதை நினையுங்கள். 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். பாவாவுக்கு முந்தியே இந்த நாட்டில் நவீன வீடு கட்டியவர். பாவாவின் வீடுகளுக்குப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை இருந்தது, இவருடையதற்கு ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மதில் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். எனக்கும் அங்கே நின்றபோது அது ஒரு மாதிரித்தான் இருந்தது.

வட்டக்கச்சி அக்கா:
இலக்கம் போட்டுக் கழற்றினார்கள் என்று வாசித்ததும் சிரிப்பு வந்தது. நாங்கள் என்ன செய்தோம்?

2008 கடைசியில் வட்டக்கச்சியால் வெளிக்கிட்டபோது ஐயா வீட்டைக் கழற்றினார். முதலில் ஓடு, பிறகு சிலாகை, பிறகு யன்னல், கடைசியாக முன்கதவு நிலையோடு. திரும்பப் பூட்டும்போது மாறிப்போகும் என்று அடுப்புக் கரியால் ஒவ்வொரு நிலையின் உள்பக்கத்திலும் 1, 2, 3 என்று எழுதினார். உழவு மெசினில் இரண்டு நடை. தருமபுரத்தில் இறக்கி ஒரு கொட்டில் போட்டோம். அங்கிருந்து விசுவமடு. அங்கே ஓடுகளை விட்டுவிட்டு வந்தோம். அதற்கு அங்கால் போனபோது சிலாகை விறகாகப் போனது. முன்கதவை அம்மா விட மாட்டேன் என்றா. அதைப் பங்கருக்கு மேலே போட்டு மண்மூட்டை அடுக்கினோம். அதோடு கதவும் முடிந்தது.

மீள்குடியேறி வந்தபோது காணியில் அத்திவாரமும் கிணறும் இருந்தன. எங்கள் வீட்டில் இப்போது அந்த முன்கதவின் கொண்டி ஒன்றுதான் மிச்சம், அம்மா சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறா.

அதனால் தம்பி, கழற்றிக் கொண்டுபோன வீடு வீடா என்று என்னைக் கேட்டால், ஓம் என்பேன். சாந்தகப்பை அண்ணை, காரணத்தை லொறியில் ஏற்ற முடியாது என்கிறீர்கள். எங்கள் உழவு மெசினில் வேறென்ன இருந்தது? ஆனால் அந்தக் குவாட்டர்ஸில் எனக்கு ஒரு பாசமும் இல்லை. உத்தியோகத்தர் இருந்த இடம். தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்கப் போனால் ஐயாவைப் படியில்தான் நிற்க வைத்தார்கள்.

ரொறன்ரோ பனி:
வணக்கம் உறவுகளே. அக்காவின் பதிவு கண் கலங்க வைத்தது. குவாட்டர்ஸை விடுங்கள். கிடுகு வேய்ந்து, சாணி மெழுகி, திண்ணை வைத்து அசல் வன்னி மண்வீடு ஒன்றை மாதிரிக்குக் கட்டினால் என்ன? அடுத்த தலைமுறை வந்து பார்க்கும். இங்கே நாங்கள் காசு சேர்த்துத் தருகிறோம்.

வட்டக்கச்சி அக்கா:
அண்ணா, குறை நினைக்காதீங்கோ. மண்வீட்டில் இப்போதும் இருக்கிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு ரிக்கெட் அடிக்கவா?

சாந்தகப்பை:
மாதிரி வீடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 2016இல் பொருத்து வீடு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இரும்புச் சட்டம், பலகைச் சுவர், மொத்தம் 65,000 வீடு, ஒன்று 21 இலட்சம் என்று கணக்கு. மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அதற்கு முந்தி இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்தைக் கட்டம் கட்டமாகச் சனத்தின் கையில் கொடுத்தார்கள். காசு காணாமல் கடன்பட்டவர்களும் உண்டு, அது வேறு கதை. ஆனால் குசினி எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று சனமே சொல்லிச்சுது, நாங்கள் கட்டினோம்.

பரந்தன் சந்தி:
அண்ணை, நீங்கள் இப்போது சொன்னதைத்தான் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டப்புளுவையில் செய்தார். அரச ஊழியருக்கான வீட்டுத்திட்டம். குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினார். இதையெல்லாம் பணக்கார வீட்டுக் கதை என்று தள்ளினால் நட்டம் எங்களுக்குத்தான். பாவாவின் நிறுவனத்திலேயே பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். இதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, உங்களுக்காகவே பார்த்து வந்தது. பாவாவின் கட்டடங்களில் நெளி சீற்றைப் போட்டு, அதன் மேல் அரைவட்ட ஓட்டைப் பதித்திருப்பார்கள். மழை ஒழுகினால் சீற் தாங்கும், வெயிலை ஓடு தாங்கும்.

சாந்தகப்பை:
அது நல்ல வேலைதான். நான் ஒத்துக்கொள்கிறேன். வெறும் சீற் வீட்டுக்குள் சித்திரையில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் மூன்று விஷயம். கைமரத்தில் பாரம் கூடும், இப்போது வாங்குகிற மரம் அதற்குக் காணாது. பழைய சீற் அஸ்பெஸ்ரஸ், அதை வெட்டுகிற தூசி நெஞ்சுக்குக் கூடாது. மூன்றாவதை கொழும்பில் படித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்: குரங்கு. ஓடு போட்ட வீட்டில் குரங்கு ஏறினால் ஒரு நாளில் இருபது ஓடு கீழே. எங்கள் பக்கம் பாதிப் பேர் ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டதே அதனால்தான். சீற்றில் பதித்த ஓட்டைக் குரங்கு கிளப்புமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பரந்தன் சந்தி:
சாந்தில் பதித்திருந்தால் கிளப்பாது என்று நினைக்கிறேன்.

சாந்தகப்பை:
நினைப்பது வேறு, குரங்கு வேறு.

ஏ9 பயணி:
கதை கூரைக்குப் போய்விட்டது. குவாட்டர்ஸை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவா?

வட்டக்கச்சி அக்கா:
எங்கள் முன்பள்ளி பதினொரு மணிக்கு மேல் தகரச் சூட்டில் நடக்காது. அந்தக் குவாட்டர்ஸ் விறாந்தை அகலம், ஓட்டைக்கல் சுவரால் காற்றும் வரும். பிள்ளைகளை அங்கே இருத்தலாம் என்றால் நானும் கையெழுத்து வைப்பேன். நூதனசாலை என்றால் வரமாட்டேன். அந்தப் படியில் பிள்ளைகள் ஏறி ஓடினால் ஐயாவும் சந்தோஷப்படுவார்.

பரந்தன் சந்தி:
முன்பள்ளி என்றால் எனக்கு முழுச் சம்மதம், அக்கா. பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவோம். ஆனால் அவர்கள் இடிக்கத்தான் போகிறார்கள் என்றாலும் முதலில் அளந்து வரைந்து வைக்க வேண்டும். பெந்தோட்டைக்குக் கொண்டுபோன வீட்டையும் கழற்ற முதல் அளந்துதான் வரைந்தார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாடாவும் கொப்பியும் கொண்டு போகிறேன். யாராவது வருகிறீர்களா?

சாந்தகப்பை:
இடம் மாற்றுகிற கதை இல்லையென்றால் வருகிறேன். என்னிடம் பதினாறு அடி ஏணி இருக்கிறது. விழாமல் நிற்கிற பக்கத்துக் கூரைக்குள் குளவிக் கூடு ஒன்று இருக்கிறது, போன மாதம் ஆடு தேடிப் போனபோது பார்த்தேன். ஏழு மணிக்குப் போனால் குளவி எழும்பிவிடும். ஐந்தரைக்கு வாரும்.

வட்டக்கச்சி அக்கா:
தேத்தண்ணி நான் கொண்டு வருகிறேன். நிலைகளின் உள்பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கோ.