எங்கள் ஹார்மோனியம் சார்: அவரோடு பழகியவர்கள் எழுதுங்கள்

சேலத்தில் அவரிடம் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள். சாருக்கு விளம்பரம் பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். ஹார்மோனியம் சார் என்றாலே நமக்குத் தெரியும். நான் 1991-94 பி.எஸ்சி., நானே ஆரம்பிக்கிறேன்.

சாருடைய அப்பா, மேக்னசைட் என்கிற வெள்ளைக் கல்லைச் சுடுகிற சூளையில் வேலை பார்த்தவர். சின்னப் பையனாக அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது, உள்ளே போகிற கல் இவ்வளவு கனமாக இருக்கிறதே, சுட்டு வெளியே வருவது ஏன் பாதிகூட இல்லை என்று கேட்டாராம். "மீதி புகையாப் போச்சு கண்ணு" என்றிருக்கிறார் அப்பா. அந்தப் பதில் போதவில்லை, அதனால்தான் இந்தப் பாடத்துக்கு வந்தேன் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். அப்புறம் போர்டில் கணக்குப் போட்டார்: சுத்தமான மேக்னசைட் 100 கிலோ சுட்டால் ஏறக்குறைய 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், 48 கிலோ மெக்னீசியா நிற்கும். அதையே 1500 டிகிரிக்கு மேல் சுட்டால் இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்குச் செங்கல் ஆகும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெள்ளக்கல்பட்டி பக்கத்துப் பையன்கள், வீட்டு வாசலில் கிடக்கிற கல்லைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, காலேஜில் ஒரு வருஷம் படிக்கிற பி.யூ.சி. படித்தவர் அவர். பி.எஸ்சி. சேலத்தில், எம்.எஸ்சி. சென்னையில். தங்கைகள் கல்யாணம் இருந்ததால் ஆராய்ச்சிக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டார். எங்களுக்குப் பாடம் எடுத்தபோது அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் கிடையாது. 1997ல் பெரியார் பல்கலைக்கழகம் நம் ஊருக்கே வந்த பிறகு பி.எச்டி.க்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்து, பகலில் வகுப்பும் ராத்திரியில் ஆய்வுமாக ஓட்டி முடித்தார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு அவருக்கு வயது 45. பழைய மாணவர்கள் இருபது பேருக்கு மேல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆய்வு எதைப் பற்றி? அதே மேக்னசைட், அதே சூடு. சீக்கிரம் வாங்கிய பட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எனக்கு அந்த ஒன்றுதான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்க்கிட் பார்க்க ஏற்காடு போவார், ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு, காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்து, மரத்தில் ஒட்டியிருக்கிற செடி ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து நோட்டில் வரைந்துகொள்வார், ஒரு பூவைக்கூடப் பறிக்கமாட்டார். மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட்டில் நின்றபோது கீழே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, "அங்கதான் எங்கப்பா இருந்தாரு" என்றார். ரொம்ப நேரம் பேசவில்லை.

—

அண்ணா, நான் உங்களுக்கு ஆறு வருஷம் ஜூனியர், வீடு செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சால்ட் அனாலிசிஸ் நாளில் புதுக் கொலுசோடு லேபுக்குப் போய்விட்டேன். கிப்ஸ் கருவியிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அந்த அழுகின முட்டை நாற்றம் ஞாபகம் இருக்குமே, சாயங்காலத்துக்குள் கொலுசு கறுத்துவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று அழுதேன். சார் திட்டவில்லை. பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் கொலுசை வைத்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஆப்ப சோடா போட்டு, "தட்டுல படற மாதிரி இருக்கட்டும்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் வெளுத்து வந்தது! தேய்த்தால் வெள்ளி கரையும், இப்படிச் செய்தால் கந்தகம் விலகி வெள்ளி அங்கேயே நிற்கும் என்று விளக்கினார். ஏற்காட்டு பாக்சைட்தான் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியம் ஆனது, இந்தத் தட்டுகூட நம்ம மலையாக இருக்கலாம் என்றும் சொன்னார். அப்பாவிடம் வந்து செய்து காட்டினேன். அதற்கப்புறம் என் படிப்பை நிறுத்துகிற பேச்சு வீட்டில் எழவே இல்லை. இன்றைக்கு நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

—

நான் அவரிடம் படித்தவன் இல்லை, ஆனாலும் எழுதவேண்டும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கூத்துக் குடும்பம். ஹார்மோனியத்தில் சுரம் இறங்கிப்போனால் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம், சீசனில் அது ஆகாத காரியம். யாரோ சொல்லி சாரிடம் கொண்டுபோனோம். காற்றில் அதிர்ந்து சத்தம் தருகிற பித்தளை நாக்குகளான ரீடுகளைக் கழற்றிப் பச்சைக் களிம்பைத் துடைத்துவிட்டு, நுனியில் லேசாகச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்று அப்பாவுக்கே காட்டிக்கொடுத்தார். காசு வாங்கமாட்டார். ராத்திரி கூத்துக்கு வந்து விடிகிறவரை முன்னால் உட்கார்ந்திருப்பார், அதுதான் கூலி என்பார்.

பெட்டியின் உள்பக்கம் லேபில் பாட்டிலுக்கு ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டி, தேதி, எந்த ரீடு, எந்தப் பக்கம் சுரண்டியது எல்லாம் பேனாவில் எழுதிவைத்திருக்கிறார். பதினோரு வரி அவர் கையெழுத்து. பன்னிரண்டாவது வரி போன மாதம் நான் எழுதினேன்.