எந்தச் சிக்னலைத் தோண்டுவது, எதை விடுவது?

உவரி மணல்:
போன மாசம் என் மச்சான் உவரியில் கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு நேர்த்திக்கடன். கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் சுமந்து கொட்டும்போது ஈரக் கையிலிருந்து நழுவியிருக்கிறது. மெட்டல் டிடெக்டரோடு மூன்று நாள் விடியற்காலையில் போனேன். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்துக்கு ஏற்பக் கருவி கத்தி ஒரு நம்பர் காட்டும்; இரும்புக்குத் தாழ்ந்த நம்பர், வெள்ளி, செம்புக்கு உயர்ந்த நம்பர். முதல் இரண்டு நாளும் 70க்கு மேல் வந்த நம்பர்களை மட்டும் தோண்டினேன். ஒரு வெள்ளிக் கொலுசும் செம்புக் கம்பியும் கிடைத்தன. மூன்றாம் நாள், சரி, இரும்புக்கு மேலே எது கத்தினாலும் தோண்டுவோம் என்று இறங்கினேன். 61 குழி. மாத்திரை அட்டை, அலுமினியத் தாள், குளிர்பானக் கேன் வளையம். மோதிரம் 54இல் வந்தது. அதற்கு முன்னால் அதே 54இல் மூன்று கேன் வளையம் எடுத்திருந்தேன். நான்காவதை விட்டிருந்தால் மோதிரம் போயிருக்கும். கடற்கரையில் தங்கம் தேடுகிறவர் நம்பரைப் பார்த்து ஒதுக்கவே கூடாது என்பது என் கட்சி.

மானூர் கரிசல்:
மோதிரம் கிடைத்தது சந்தோஷம் அண்ணாச்சி. ஆனால் இதைப் பொதுவிதியாக்க வேண்டாம். உங்களுக்கு மணல், ஒரு அள்ளு அள்ளிச் சல்லடையில் ஆட்டினால் முடிந்தது. எங்கள் பக்கம் கரிசல். காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஒரு குழிக்குப் பத்து நிமிஷம் போகும். களை எடுக்கும்போது கம்மல் தொலைந்தது, தாலிக் குண்டு தொலைந்தது என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அடுத்தவர் பயிருக்குள் 61 குழி போட முடியுமா?

நான் செய்வது இதுதான். தொலைந்ததன் சோடியை, இல்லையென்றால் அதே எடையில் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். அந்த வயல் மண்ணிலேயே நாலு விரல் ஆழத்தில் புதைத்து நம்பர் பார்ப்பேன். அப்புறம் அந்த நம்பருக்கு ஐந்து மேலே, ஐந்து கீழே வருவதை மட்டும் பார்ப்பேன். காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, கிழக்கு மேற்காக ஒருமுறை, தெற்கு வடக்காக ஒருமுறை ஓட்டுவேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் தோண்டுவேன். ஒரு பக்கம் மட்டும் கத்தினால் பெரும்பாலும் வளைந்த ஆணி. சோடா மூடி நல்ல காசு மாதிரியே ஏமாற்றும். காயிலின் விளிம்பை அதன்மேல் கொண்டு போனால் உடைந்து இரும்புச் சத்தம் கொடுத்துவிடும். இதைச் செய்யாமல் தோண்டுவது உழைப்பை வீணாக்குவது.

உவரி மணல்:
சோடியைப் புதைத்துப் பார்க்கும் யோசனை நன்று தம்பி, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஐந்து மேலே ஐந்து கீழே என்பது இங்கே செல்லாது. உவரிக் கரையில் இல்மனைட் என்ற இரும்புத் தாது கலந்த கறுப்பு மணல், அதோடு உப்பு நீர். ஒற்றை அலைவரிசைக் கருவி ஈர மணலில் சும்மாவே கத்தும். பல அலைவரிசைக் கருவியில்கூட ஆழம் போகப் போக நம்பர் நகரும். மோதிரம் படுத்திருந்தால் ஒரு நம்பர், செங்குத்தாக நின்றால் வேறு.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் போடும் தங்க நம்பர் பட்டியலை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அங்கே 10, 14 கேரட். நம் நகை பெரும்பாலும் 22 கேரட், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கனமான மோதிரம் என்றால் நம்பர் மேலே ஏறும். ஆனால் அதே 22 கேரட்டில் மெல்லிய சங்கிலி என்றால், கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். நாலு பவுன் சங்கிலிகூட மாத்திரை அட்டை நம்பருக்கு இறங்கிவிடும். இதில் எந்த நம்பரை ஒதுக்கச் சொல்கிறீர்கள்?

மானூர் கரிசல்:
சங்கிலி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். சங்கிலி தொலைந்தது என்றால் நானும் கீழ் நம்பரை விட மாட்டேன். ஆனால் இரும்பை ஒதுக்குவதில் உங்களுக்கும் மறுப்பில்லையே?

சிவகளை மகள்:
இரண்டு பேரும் இரும்பைக் குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறீர்கள், அங்கேதான் எனக்கு வலிக்கிறது. இன்று கையில் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகுக் காசு. இரும்பை அடைத்தால் அதுவும் போகலாம். அது சின்ன விஷயம். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரே தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்களோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. எங்கள் தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. தங்கத்தை விட்டுவிட்டு உலகம் பேசியது அந்தத் துருப்பிடித்த இரும்பைத்தான். உங்கள் கருவி அதற்குக் கொடுப்பது ஒரு தாழ்ந்த உறுமல்.

அதற்காக இரும்பையும் தோண்டுங்கள் என்று சொல்லவில்லை. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த தாழிக்காடு, பழைய மேடு, கறுப்பு சிவப்பு ஓடு கிடக்கும் பரம்பு, துலுக்கர்பட்டி மாதிரி அகழாய்வு நடந்த இடம், இங்கெல்லாம் எந்தச் சிக்னலையும் தோண்டாதீர்கள். எந்த மண்ணடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வயசு இருக்கிறது. பிடுங்கி எடுத்தால் போச்சு. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். மற்ற இடத்திலும் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

மானூர் கரிசல்:
சரிதான் தாயி. கம்மல் தேடப் போன ஒரு வயலில் வரப்போரம் தாழி விளிம்பு தெரிந்தது. அந்தப் பக்கம் காயிலைக் கொண்டு போகாமல் திரும்பிவிட்டேன், வயல்காரரிடமும் வி.ஏ.ஓ.விடம் சொல்லச் சொன்னேன். ஆனால் அண்ணாச்சி, வயலில் எல்லாவற்றையும் தோண்டச் சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

உவரி மணல்:
வயலில் உங்கள் வழி. கடற்கரையில் நான் மாற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு அக்கா கூப்பிட்டிருக்கிறார், திருகாணிக் கம்மல் ஒன்று அலையில் போய்விட்டதாம். மற்றதை வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் காய்ந்த மணலில், அப்புறம் ஈர மணலில் புதைத்து இரண்டு நம்பரையும் இங்கேயே எழுதுகிறேன்.