வெள்ளைப்படுதல்: திருமணத்துக்கு முன்பும் கர்ப்பக் காலத்திலும் உங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு (கும்பகோணம்)

வெள்ளைப்படுதலைப் பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். உடம்பு சூடு, வெந்தயத்தை ஊற வைத்துக் குடி என்பது ஒன்று; எலும்பு உருகிப் போகிறது என்று பயமுறுத்துவது மற்றொன்று. கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த என் தங்கை இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டுவிட்டுத் தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். எப்போதும் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குதல், அதோடு உள்ளாடையில் தினமும் ஈரம். அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம் என்பதால், அதற்கு முன் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் முதலில் கேட்டது மாதவிடாய்த் தேதிகளைத்தான். இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இழுத்தால் நூலாக நீளும் கசிவு வருவதும், அதற்குப் பிறகு அது கெட்டியாகி வெண்மையாவதும், துணியில் காய்ந்ததும் இளமஞ்சளாகத் தெரிவதும் இயல்பே என்றார். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, நிற மாற்றம் ஆகியவை சேர்ந்தால்தான் அது பரிசோதிக்க வேண்டிய விஷயமாகிறது. கறுப்பு உள்ளாடைகளின் நடுவில் மட்டும் சாயம் வெளுத்துப் போகிறதே என்று தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டபோது மருத்துவர் சிரித்துவிட்டார். பிறப்புறுப்பில் வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அமிலக் காரக் குறியீட்டை (pH) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. அந்த அமிலம்தான் சாயத்தை வெளுக்கிறது, அதே அமிலம்தான் கெட்ட கிருமிகளையும் அண்டவிடாமல் வைக்கிறது என்று விளக்கினார். களைப்புக்கான காரணம் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். வெள்ளைப்படுதலுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை.

திருமணத்துக்கு முன்போ கர்ப்பக் காலத்திலோ உங்களுக்கு நேர்ந்தவற்றை இங்கே பகிர்ந்தால், தங்கையிடம் நான் படித்துக் காட்டுவேன்.

பதில் 1 (கோயம்புத்தூர்)

குழந்தைக்காகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நீர்த்த, சாம்பல் நிறக் கசிவு தொடங்கியது. அரிப்பு இல்லை. ஆனால் மீன் கவிச்சி போன்ற வாடை இருந்தது. தாம்பத்தியத்துக்குப் பின் அது அதிகமாகும். விஷயத்தைக் கேள்விப்பட்ட என் நாத்தனார் மருந்துக்கடையில் சொல்லி ஓர் அட்டை வாங்கி வந்தார். அதில் அசித்ரோமைசின் ஒன்று, ஃப்ளூகோனசோல் ஒன்று, செக்னிடசோல் இரண்டு என நான்கு மாத்திரைகள் இருந்தன. எந்தத் தொற்றாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்ற கணக்கில் மூன்று வகை மருந்தை ஒரே அட்டையில் அடைத்து விற்கிறார்கள். மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நாத்தனாரே சொன்னார். நான் அட்டையைப் பிரிக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன்.

அட்டையில் இருந்த பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலை வாய்வழியாக உட்கொண்ட கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அதிகமாகக் காணப்பட்டதாக, டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு கூறியதையும், கருத்தரிக்க முயலும் பெண் அதை யாரும் பரிசோதிக்காமல் உட்கொள்வது சரியல்ல என்பதையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு சோதனை நடந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவை எடுத்து மஞ்சள் நிறக் காகிதத் துண்டில் தடவியதும், அது பச்சையாக மாறியது. அமிலத்தன்மை குறைந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடிச் சில்லில் இன்னொரு துளியை வைத்து அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டதும், அதுவரை எனக்கு மட்டுமே தெரிந்த அந்த வாடை அறை முழுவதும் எழுந்தது. கூச்சத்தையும் மீறி, என் கற்பனை அல்ல என்பது உறுதியானதில் ஒரு நிம்மதி எனக்கு. நுண்ணோக்கியிலும் பார்த்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்று அல்ல, நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்ட பாக்டீரியல் வஜைனோசிஸ் என்றார்.

மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாட்கள். செப்புக் காசை நாக்கில் வைத்தது போன்ற ஒரு சுவை அத்தனை நாளும் வாயில் இருந்தது. மூன்றாம் நாளே வாடை போய்விட்டாலும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார். வாசனைத் திரவத்தால் உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொன்னார். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு அது. விளம்பரங்களில் காட்டும் திரவங்கள் எதற்கும் அவசியமே இல்லை என்பது என் கருத்தும்கூட.

பதில் 2 (விருதுநகர் மாவட்டம்)

எனக்கு ஐந்தாம் மாதத்தில் வந்தது பூஞ்சைத் தொற்று. திரிந்த தயிர் போலக் கட்டிக் கட்டியாக வெள்ளை, வாடை எதுவும் இல்லை, ஆனால் இரவில் தூங்கவிடாத அரிப்பு. கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு என்று கிராம சுகாதார செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் முதலில் பேசாமல்தான் இருந்தேன். அத்தை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். வெளிப்புற எரிச்சல் சற்றுத் தணிந்தது, அரிப்பு போகவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்தவுடன் சர்க்கரைப் பரிசோதனைத் தாளைக் கேட்டார். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பக் கால நீரிழிவு என்பார்கள். எனக்கு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பூஞ்சை செழிக்கும், கர்ப்பத்தின் ஹார்மோன்களும் அதற்குத் துணை போகும் என்றார். வாய்வழி மாத்திரை தரவில்லை. க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம் மாத்திரையை இரவில் படுக்கும் முன் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொன்னார். அட்டைப்பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் குழலைக் கர்ப்பக் காலத்தில் பயன்படுத்த வேண்டாம், கையைக் கழுவிவிட்டு விரலாலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"மருந்து குழந்தை மேல பட்டுராதா டாக்டர்?" என்று நான் கேட்பதற்குள் அத்தை கேட்டுவிட்டார். கருப்பை வாய் மூடியிருக்கிறது, அதில் கெட்டியான சளி அடைப்பு வேறு இருக்கிறது, குழந்தை பனிக்குடத்துக்குள் இருக்கிறது, இந்த மருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்று மருத்துவர் தாளில் படம் வரைந்தே காட்டினார். காலையில் எழுந்ததும் வெள்ளைத் தூளாக மருந்து வெளியே வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஆறு இரவுகளில் அரிப்பு அடங்கியது. எட்டாம் மாதத்தில் மறுபடி வந்தபோது, மாத்திரையோடு இரவு இட்லியின் எண்ணிக்கையையும் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே நின்றது.

பதில் 3 (பெயர், ஊர் வேண்டாம்)

எனக்கு மூன்றாம் மாதத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நுரைத்த கசிவு வந்து, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று என்று கண்டறிந்தார்கள். இது உடலுறவின் வழியாகப் பரவுவது. எனக்கு மருந்து கொடுத்ததில் சிக்கல் இல்லை, கணவர்தான் "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்குச் சாப்பிடணும்?" என்று மறுத்தார். பெரும்பாலான ஆண்களுக்கு அறிகுறியே இருக்காது, அவர் மருந்து எடுக்காவிட்டால் உங்களுக்குத் திரும்பவும் வரும் என்று அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இருந்த ஆலோசகர், அவரைத் தனியாக அழைத்துக் குற்றம் சாட்டாமல் பேசியது பலித்தது. இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை விலகி இருந்தோம்.

பதில் 4 (மதுரை, ஓய்வு பெற்ற செவிலியர்)

பிரசவ அறையில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில், இங்கே இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வரும் எல்லா ஈரமும் வெள்ளைப்படுதல் அல்ல.

33ஆம் வாரத்தில் ஓர் இளம்பெண் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். இரண்டு நாளாகத் துணி நனைகிறது என்பதைப் புறப்படும் நேரத்தில்தான் போகிறபோக்கில் சொன்னார். கூட வந்த தாயார், "வெள்ளைதாம்மா, எனக்கும் இவ வயித்துல இருக்கையில அப்படித்தான்" என்றார். மேசையில் படுக்க வைத்து, பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, மருத்துவர் இருமச் சொன்னதும், கருப்பை வாயிலிருந்து தெளிந்த நீர் வழிந்தது. சோதனைக் காகிதம் நீலமாயிற்று, ஏனெனில் பனிக்குட நீர் காரத்தன்மை உடையது. உடனே சேர்த்துக்கொண்டு, தொற்று ஏறாமல் இருக்க ஆன்டிபயாட்டிக்கும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தாலும் தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் போயிருந்தால் அடுத்து காய்ச்சலோடுதான் வந்திருப்பார்.

சந்தேகம் வந்தால் உலர்ந்த நாப்கினை வைத்துக்கொண்டு சற்று நேரம் படுத்திருந்து எழுந்து பாருங்கள். எழுந்து நின்றவுடன் குபுக்கென்று நீர் இறங்கினாலோ, நாப்கின் தண்ணீர் போல நனைந்திருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நனையவில்லை என்றாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் அப்போதும் செல்லுங்கள். மெதுவாகக் கசிவதும் உண்டு. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், இரத்தம் கலந்திருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றை வெள்ளைப்படுதலின் கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் அதிகம்.

எங்களிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "உள்ளே பார்க்க வேண்டாம், மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்பது. பார்க்காமல் எழுதப்படும் சீட்டும் மருந்துக்கடை அட்டையும் எனக்கு ஒன்றுதான். ஸ்பெகுலம் வைத்துப் பார்ப்பதால் கரு கலையாது. திருமணமாகாத பெண்களுக்கு ஸ்பெகுலம் இல்லாமல் பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரியே பெரும்பாலும் போதும். எதைச் செய்தாலும் முதலில் விளக்கி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

தொடக்கப் பதிவர்

அம்மா, கோயம்புத்தூர் சகோதரிக்கு வந்த அந்தத் தொற்று குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது என்கிறார்களே, தங்கை கருவுற்றதும் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 4 (மதுரை, ஓய்வு பெற்ற செவிலியர்)

தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் அறிகுறியே இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து மருந்து கொடுப்பதால் குறைப்பிரசவம் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் வழக்கமாகச் செய்வதில்லை. வாடையோ எரிச்சலோ இருந்தால் எந்த மாதமானாலும் சோதித்துக்கொள்ள வேண்டும், மெட்ரோனிடசோலை மருத்துவர் கர்ப்பத்திலும் கொடுப்பார். முன்பே குறைப்பிரசவம் ஆனவர்கள் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். திருமணத்துக்குப் பிறகு உடனே குழந்தை வேண்டாம் என்று ஆணுறை பயன்படுத்துவதாக இருந்தால் தங்கையிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையும் களிம்பும் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தலாம் என்பதால், அந்த மருந்து நடக்கும் நாட்களிலும் முடிந்த பிறகு சில நாட்களுக்கும் அதை நம்பி இருக்கக் கூடாது.