உதவி தேவை: சந்தாதாரர் கணக்கு நிர்வாகியாக மாறிவிட்டது, நீக்கினாலும் திரும்பி வருகிறது

ஈசூன் கணக்கு டீச்சர்:
வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். எங்கள் வலைத்தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இயங்குகிறது. பெற்றோர் கேள்வி அனுப்பவும் ரசீது கேட்கவும் ஓர் உதவி மேசை பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணைநிரல்) வைத்திருக்கிறோம். அதில் பதிவு செய்பவருக்கு, மிகக் குறைந்த உரிமையுள்ள சந்தாதாரர் நிலையில் கணக்கு உருவாகும்.

நேற்று பயனர் பட்டியலில் நாங்கள் அறியாத ஒரு பெயர் நிர்வாகியாக நின்றது. அந்த உரிமையை யாரும் தரவில்லை. கணக்கை நீக்கினேன், பிளகினைப் புதுப்பித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன். இன்று காலை அதே பெயர் மறுபடியும் இருக்கிறது. தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம், "கடவுச்சொல் எளிதாக இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டது. என் கடவுச்சொல் நீளமானது, வேறெங்கும் பயன்படுத்தாதது. பிறகு எப்படி நுழைந்தார்கள்? பிள்ளைகளின் மதிப்பெண் தாள்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் அவர்கள் அனுப்பிய டிக்கெட்டுகளில், அதாவது கேள்விப் பதிவுகளில், இருக்கின்றன. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

தேக்கா இணையன்:
புதுப்பித்துவிட்டீர்கள் என்றால் ஓட்டை அடைபட்டிருக்கும். கணக்கை இன்னொரு முறை நீக்கிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய காப்புப்பிரதியை ஏற்றிவிடலாமே.

சர்வர் காவலர்:
டீச்சர், இப்போது எதையும் நீக்க வேண்டாம். பழைய காப்புப்பிரதியையும் ஏற்ற வேண்டாம்; அதோடு ஓட்டையுள்ள பழைய பிளகினும் திரும்பி வரும், தடயங்களும் அழிந்துபோகும். முதலில் கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் இப்போதைய நிலையிலேயே ஒரு பிரதி எடுங்கள். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து, தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் குறிப்பான அணுகல் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் அவை சீக்கிரமே அழிக்கப்படும். பிறகு தளத்தைத் தற்காலிகமாக மூடுங்கள்.

கடவுச்சொல்லைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இத்தகைய ஓட்டையில் கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. உதவி மேசை பிளகின்கள் தாமாகவே பயனரை உருவாக்குகின்றன, விருந்தினரை உள்ளே விடுகின்றன, முகவர், மேற்பார்வையாளர் என்று தமக்கென நிலைகளை வகுக்கின்றன. சுயவிவரத்தைச் சேமிக்கும் நிரல், படிவத்தில் வரும் எல்லாப் புலங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டால், பெயரோடு 'நிலை' என்ற புலத்தையும் சேர்த்து அனுப்பும் சந்தாதாரர் நிர்வாகியாகிவிடுவார். இன்னொரு வகை இதைவிட மோசமானது. டபிள்யூபி சப்போர்ட் பிளஸ் என்ற டிக்கெட் பிளகினின் 7.1.3 பதிப்பில், கடவுச்சொல்லே தெரியாமல் எந்தப் பயனராகவும் உள்நுழையலாம் என்பது 2017 ஜனவரியில் வெளியானது. உள்நுழைவுக் குக்கியை (உள்நுழைந்தவர் என்று உலாவியில் வைக்கும் அடையாளத்தை) வழங்கும் செயற்கூற்றைச் சரிபார்ப்பே இல்லாமல் அழைத்திருந்தார்கள். உங்கள் பிளகினில் இருந்தது எந்த வகை என்பதை அதன் மாற்றப் பதிவில் பாருங்கள்.

நிரலர் ஜூரோங்:
ஒன்றைச் சேர்க்கிறேன். அட்மின்-அஜாக்ஸ் என்பது பின்னணிக் கோரிக்கைகளை ஏற்கும் வேர்ட்பிரஸ் கோப்பு. அதன் வழியாக வரும் கோரிக்கையை, உள்நுழைந்த எவரும் அனுப்பலாம். சந்தாதாரருக்கும் அது திறந்தே இருக்கும். பல பிளகின்கள் அங்கே 'இஸ் அட்மின்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கின்றன. அது கேட்பது நிர்வாகப் பக்கமா என்பதைத்தான், நிர்வாகியா என்பதை அல்ல. அட்மின்-அஜாக்ஸில் அதற்கு எப்போதும் 'ஆம்' என்றே விடை வரும். நான்ஸ் (பக்கத்தோடு வரும் தற்காலிகச் சரிபார்ப்புக் குறி) சரிபார்ப்பும் போதாது. அதே பக்கத்தைப் பார்க்கும் சந்தாதாரருக்கும் செல்லுபடியாகும் நான்ஸ் கிடைத்துவிடும். 'கரன்ட் யூசர் கேன்' என்ற உரிமைச் சோதனை ஒவ்வொரு செயலிலும் இருந்தாக வேண்டும். பிளகின் வாங்குவோர் இதை விற்பவரிடம் கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

ஈசூன் கணக்கு டீச்சர்:
மிக்க நன்றி அண்ணா, பிரதி எடுத்துவிட்டேன். தளமும் மூடியிருக்கிறது. ஆனால் புதுப்பித்த பிறகும் அந்தக் கணக்கு ஏன் வருகிறது?

சர்வர் காவலர்:
புதுப்பிப்பு கதவைத்தான் அடைக்கும், உள்ளே வந்தவர் உள்ளேயே இருப்பார். நிர்வாகி உரிமை கிடைத்த உடனே அவர் தமக்கு வேறு வழி வைத்திருப்பார்.

எம்யூ-பிளகின்ஸ் கோப்புறையை முதலில் திறந்து பாருங்கள். அங்கே கிடக்கும் பிஎச்பி கோப்பு (வேர்ட்பிரஸின் நிரல்மொழியில் எழுதிய கோப்பு) தானாக ஓடும். பிளகின் பக்கத்தில் அதை முடக்கவும் வழி இல்லை. பதிவேற்றிய படங்கள் சேரும் அப்லோட்ஸ் கோப்புறையில் பொதுவாகப் பிஎச்பி கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளின் கிரான் பட்டியலில் அறியாத பணி இருக்கிறதா என்றும் பாருங்கள். பயனர் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், திரையில் தெரியாதபடி கணக்கை மறைக்க முடியும். பயனர்களின் உரிமைகள் பதியப்படும், தரவுத்தளத்தின் யூசர்மெட்டா அட்டவணையில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று தேடினால் உண்மையான எண்ணிக்கை தெரியும்.

சுத்தம் செய்த பிறகு கட்டமைப்புக் கோப்பிலுள்ள சால்ட் சாவிகளை (குக்கிகளைச் சரிபார்க்கும் ரகசியச் சொற்களை) மாற்றுங்கள். எல்லாக் குக்கிகளும் செல்லாமல் போகும். வேர்ட்பிரஸ் 5.6 முதல் வந்த, வெளிச் செயலிகள் தளத்தோடு இணைய உதவும் 'பயன்பாட்டுக் கடவுச்சொற்கள்' மட்டும் இதில் தப்பிவிடும். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அவை நிற்கும். ஒவ்வொரு நிர்வாகியின் பக்கத்திலும் தனியே ரத்து செய்ய வேண்டும்.

ஈசூன் கணக்கு டீச்சர்:
எம்யூ-பிளகின்ஸில் ஒரு கோப்பு இருந்தது. நாங்கள் வைத்ததல்ல. இன்னொன்று: அந்தக் கணக்கு பதிவான நேரம் தரவுத்தளத்தில் மாலை 6.40 என்று இருக்கிறது. அப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கணினியிலிருந்து யாராவது செய்திருப்பார்களோ என்று ஊழியர்கள் கலங்குகிறார்கள்.

நிரலர் ஜூரோங்:
ஊழியர்களிடம் சொல்லுங்கள், கலங்க வேண்டாம். அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் பதியப்படுகிறது. சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டுங்கள்: மறுநாள் அதிகாலை 2.40. அணுகல் பதிவில் அந்த நேரத்தை ஒட்டி அட்மின்-அஜாக்ஸுக்குச் சென்ற போஸ்ட் (தகவல் அனுப்பும்) கோரிக்கைகளைத் தேடுங்கள். அந்தப் பதிவின் நேர மண்டலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஐபி முகவரியும் நேரமும் கிடைக்கும். அனுப்பிய உள்ளடக்கம் அதில் இருக்காது.

பொத்தோங் பாசிர் வாசகி:
எல்லாரும் கோப்புகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பெற்றோருக்கு யார் சொல்வது? டீச்சர், 2021 பிப்ரவரி 1 முதல் தரவுக் கசிவைத் தெரிவிக்க வேண்டிய கடமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட தகவல் கசிந்திருந்தாலோ, கசிவால் குறிப்பிடத்தக்க தீங்கு நேரக்கூடும் என்றாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டியது என்று மதிப்பிட்ட பிறகு 3 நாட்காட்டி நாட்களுக்குள் அறிவிப்பு போக வேண்டும், சனி ஞாயிறும் கணக்கில் சேரும். பெற்றோர் யாராவது அடையாள அட்டைப் படத்தை டிக்கெட்டில் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் சிங்செர்ட் குழுவுக்கும் சம்பவத்தைத் தெரிவிக்கலாம்.

ஈசூன் கணக்கு டீச்சர்:
பழைய மாணவர்களையும் சேர்த்தால் 500ஐத் தாண்டும். சிலர் அடையாள அட்டைப் படத்தைத் தாமாகவே அனுப்பியிருக்கிறார்கள். ஆணையத்துக்கான படிவத்தை இன்றே நிரப்புகிறேன், பெற்றோருக்கான கடிதத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன். டிக்கெட்டுகளின் இணைப்புகளைத் தளத்துக்குள் நுழைந்தவர் இறக்கினாரா என்று அறிய வழி உண்டா?

சர்வர் காவலர்:
ஓரளவு உண்டு. அதே ஐபியிலிருந்து, டிக்கெட் இணைப்புகள் கிடக்கும் கோப்புறைக்குச் சென்ற கெட் (கோப்பைக் கேட்கும்) கோரிக்கைகளைப் பாருங்கள். கோரிக்கை வெற்றி என்பதைக் குறிக்கும் 200 என்ற விடையோடு கோப்பின் பெயர் இருந்தால் அது அவரிடம் போய்விட்டது. ஆனால் அப்படி எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் கசியவில்லை என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். நிர்வாகி உரிமை இருந்தவர் டிக்கெட்டுகளைத் திரையிலேயே படித்திருக்கலாம், பிளகினின் ஏற்றுமதி வசதியால் மொத்தமாகவும் எடுத்திருக்கலாம்.