குவினெத்தில் பேரனின் படிப்பு: வெல்ஷ் மொழி சுமையாகுமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
அனைவருக்கும் வணக்கம். செவிலியரான என் மகளுக்கு வடமேற்கு வேல்ஸின் குவினெத் மாவட்டத்தில், பேங்கர் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வயதுப் பேரனும் உடன் செல்கிறான். அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வெல்ஷ் மொழியில்தான் பாடம் நடத்துவார்கள் என்று அறிந்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. தமிழையும் ஆங்கிலத்தையும் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இன்னொரு மொழியைத் தாங்குவானா? அங்கே வாழ்ந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1 (பொன்னம்மாபேட்டை):
ஐயா, நீங்கள் அறிந்தது உண்மைதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 18 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. குவினெத்திலோ 64 விழுக்காட்டுக்கும் மேல். மாவட்ட மன்றமே தன் அலுவல்களை வெல்ஷில் நடத்துகிறது. சாலையில் ‘மெதுவாக’ என்று எழுதும்போதும் ‘அராவ்’ என்ற வெல்ஷ் சொல்லை ஆங்கிலச் சொல்லோடு சேர்த்தே எழுதியிருப்பார்கள். இதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்றே மொழி மையங்கள் இருக்கின்றன; விளையாட்டும் பாட்டுமாகச் சில வாரங்கள் அங்கே பழக்கிய பிறகே வழக்கமான வகுப்புக்கு அனுப்புகிறார்கள். என் மகள் எட்டு வயதில் சேர்ந்தாள். முதல் மாதம் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். எனக்கு அழுகை வரும். மூன்றாம் மாதம் ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு ‘டியோல்க்’ என்று நன்றி சொன்னாள். கடைக்காரப் பாட்டி மேசையைச் சுற்றி வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார். வீட்டில் மட்டும் தமிழை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2 (ஏற்காடு):
மொழியைவிட மழைக்கே பிள்ளையை ஆயத்தப்படுத்துங்கள். 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் வளர்ந்த நானே அங்கே திணறினேன். அங்குள்ள மிக உயர்ந்த ‘அர் விட்வா’ சிகரம் 1,085 மீட்டர்தான், ஆனால் குளிர் நம் சேர்வராயனைப் போலப் பல மடங்கு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு 2007 முதல் கட்டணமில்லை. பேங்கரை அடுத்த பெத்தெஸ்தாவில் வீட்டுக் கூரையெல்லாம் ஊதா கலந்த சாம்பல் நிறக் கல். அருகிலுள்ள சுரங்கத்திலிருந்து வெட்டிய அந்தக் கல்லை முதன்முதலில் தொட்டுப் பார்த்தபோது, நான் அ, ஆ எழுதிப் பழகிய சிலேட்டின் அதே குளிர்ச்சி விரலில் தெரிந்தது.

மறுமொழி 3 (ஆத்தூர்):
மேலே சொன்னவற்றோடு ஒன்று. ஏழு வயது நல்ல வயது. வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கடினம். ஆகவே பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். வீட்டு முகவரி உறுதியானதும், பள்ளி இடத்துக்கும் மொழி மையத்துக்கும் மாவட்ட மன்றத்திடம் ஒரே நேரத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.