பம்பாஸ் என்று வாங்கிய புல்: குடும்பக் குழு உரையாடல்

பண்டாரவளை அக்கா: வணக்கம் மாமா. வாசலோர மண்மேட்டில் நடுவதற்காக, பம்பாஸ் புல் என்று சொல்லித் தந்த ஒரு தூரைச் சந்தையில் வாங்கினேன். அது இப்போது இடுப்பளவு வளர்ந்து பூத்திருக்கிறது. படத்தை இங்கே போட்டிருக்கிறேன். இதைப் பிரித்து மேடு முழுவதும் நடலாமா?

நுவரெலியா மாமா: வணக்கம் மகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; எனக்கு அது பம்பாஸாகத் தெரியவில்லை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த பம்பாஸின் பூ, ஆள் உயரத்தையும் தாண்டும் தண்டின் நுனியில் அடர்ந்த வெண்குஞ்சமாக நிற்கும். அதன் இலை விளிம்பில் விரலை இழுத்தால் தோல் கிழிந்துவிடும். நீ ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார். எலுமிச்சை வாசம் வந்தால் அது நம் மலைகளில் தானாக வளரும் மானாப்புல். பிறகு ஒரு கதிரைக் கிள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுது.

பண்டாரவளை அக்கா: வாசம் எதுவும் இல்லை மாமா. இலை பச்சையாகவும் பென்சிலைவிட ஒடுக்கமாகவும் இருக்கிறது. சொரசொரக்கிறதே தவிரக் கையை வெட்டவில்லை. கதிர் ஒரு சாண் நீளம். இளஞ்சிவப்பாக வந்தவை முதிர முதிர வெளிறிப்போகின்றன. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருக்கிறது. கதிரை உருவினால் மணி மயிரோடு கழன்று சட்டையில் ஒட்டிக்கொள்கிறது.

நுவரெலியா மாமா: அந்த நீண்ட ஒற்றை மயிரே போதும், அது பவுண்டன் புல். பெனிசெட்டம் செட்டேசியம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. இப்போது சென்க்ரஸ் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களுக்கு உரிய புல். பார்க்க மிக அழகானதுதான். ஆனாலும் அதை மேட்டில் நடாதே என்றுதான் சொல்வேன். மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதை கட்டக்கூடியது என்பதால், பரவுவதற்குத் தனித் தூர் ஒன்றே போதும். ஹவாய்த் தீவுக்கு அலங்காரத்துக்காகக் கொண்டுபோன இதே புல், எரிமலைக் குழம்பு உறைந்த வெறும் நிலத்திலும் பரவி, காட்டுத்தீ ஓடுவதற்கு வழி செய்துவிட்டது. உங்கள் பக்கத்துப் பத்தனை நிலங்கள், அதாவது மலைப் புல்வெளிகள், கோடையில் எப்படிப் பற்றி எரிகின்றன என்பதை நீயே பார்க்கிறாய். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் ஆடி, ஆவணிக் காற்று, இந்த விதையையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பதுளை மச்சாள்: மாமா, எங்கள் வீட்டில் கருஞ்சிவப்பு இலையோடு இதே மாதிரிப் பூக்கும் புல் நிற்கிறது. அதையும் பிடுங்க வேண்டுமா?

நுவரெலியா மாமா: வேண்டாம் மகள். அது இதற்கு நெருங்கிய சொந்தமான கலப்பினம். முளைக்கக்கூடிய விதை அதில் அநேகமாக உண்டாவதில்லை, தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும். வெயில் நன்றாகப் படும் இடத்தில்தான் அந்த நிறம் நிற்கும். நிழலில் பச்சை கலந்து மங்கிவிடும். உறைபனியையும் அது தாங்காது. அதனால்தான் நான் இங்கே தொட்டியில் வைத்து, மார்கழி, தை மாதங்களில் திண்ணைக்குள் எடுத்துவிடுகிறேன். பண்டாரவளைக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. அக்காவுக்கு ஒரு தூர் கொடுத்துவிடு.

பண்டாரவளை அக்கா: பூவுக்கு அது போதும் மாமா, ஆனால் மழைக்கு மேட்டு மண் கரைந்து வடிகானுக்குள் இறங்குகிறதே?

நுவரெலியா மாமா: மேட்டுக்கு வெட்டிவேரை நடு. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே ஆழமாக இறங்குவதால்தான் தேயிலை மலைகளிலும் அதைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வைக்கிறார்கள். செவ்விலைப் புல்லை மேட்டுக்கு மேலே, தண்ணீர் தேங்காத இடத்தில் வை. மச்சாள் ஐப்பசி மழை தொடங்கியதும் தூரை முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்து செய்து, மம்பட்டியால் கிளப்பி, ஒவ்வொரு துண்டிலும் வேரும் சில குருத்துகளும் இருக்கும்படி வெட்டட்டும். வேர் காயாமலிருக்க ஈரச்சாக்கில் சுற்றி அனுப்பினால் போதும்.

பண்டாரவளை அக்கா: அப்படியே செய்கிறேன். பச்சைப் புல்லை இன்றே பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டுவிடட்டுமா?

நுவரெலியா மாமா: அப்படியே பிடுங்காதே, விதை கொட்டிவிடும். முதலில் கதிர்களை ஒரு பைக்குள் விட்டு, பைக்குள்ளேயே வெட்டி, வாயைக் கட்டு. அவற்றை உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதே. அதற்குப் பிறகு தூரைத் தோண்டி எடு. அடுத்த மழையில் அந்த இடத்தில் ஒடுங்கிய இலையோடு புது நாற்று தலைகாட்டினால், பூக்க விடாமல் வேரோடு எடுத்துவிடு. சந்தேகமாக இருந்தால் இங்கே படம் போடு, நான் பார்க்கிறேன்.